பச்சைக் காக்காப்பொன்

செல்லாயியின் கழுத்து இடப்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். கரங்கான் பக்கத்துத் தோட்டங்களில் அவளை அறியாதவர்கள் அதைப் பிறவிக் கோணல் என்று நினைத்துக்கொண்டார்கள். ஜப்பான்காரன் காலத்தில், கெடா மாநிலத்தைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லிக் கொடி மாற்றியதற்கு மறு வருஷத்து ஆடி மாதம் வரைக்கும், அந்தக் கழுத்து மட்டம் பார்த்து நட்ட கம்பம் மாதிரி நேராக நின்றது.

ரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்து ஸ்டோருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் வாளிகளைக் காண்டாக் கம்பின் இரு நுனியிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பார்கள். கம்பில் தொங்கும் வாளி ஆடும், பால் சிந்தும் என்பது செல்லாயியின் கட்சி. தலையில் ஒரு சும்மாடு, அதன்மேல் வாளி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடப்பாள். மேடு ஏறினாலும் ஓடை தாண்டினாலும் ஒரு சொட்டு கீழே விழாது. மாரியாத்தாள் இவள் மண்டையைத் தேங்காய்த் தட்டு வைத்துச் செதுக்கி அனுப்பியிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக் காளியம்மா சொல்வாள். காளியம்மாவின் வாயிலிருந்து ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை வருவது அபூர்வம்.

ஊரிலிருந்து கப்பலில் வந்தபோது செல்லாயி சின்னப் பெண். அம்மா வந்த மறு வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். பிறந்து சில மாதமே ஆகியிருந்த தம்பி முருகையாவை இவள்தான் முதுகில் கட்டிக்கொண்டு வளர்த்தாள். பிறகு அப்பனும் போனான். கட்டிக்கொண்டவனும் மலேரியாவில் போனான். குழந்தை இல்லை. மிச்சமிருந்தது முருகையா ஒருவன்தான்.

அவனையும் லாரியில் ஏற்றினார்கள். ஜப்பான்காரன் வந்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ரப்பர் கித்தாவை வாங்க ஆளில்லை. சில காடுகளை வெட்டி மரவள்ளி போட்டார்கள். அப்புறம் சயாமில் ரயில் பாதை போடுவதாகச் சொல்லி, முதலில் நயமாகக் கேட்டார்கள். பிறகு விடிகாலைப் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் வாசித்தார்கள். கோயில் பூசாரி போனார். முருகையா போனான். அந்தப் பெயர்களை வாசித்தது தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார் நடராஜா. துப்பாக்கி அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது உண்மைதான். ஆனாலும் வரிசை வீடுகளில் இருந்த லயத்துக்காரர்கள் காதில் விழுந்தது அவருடைய குரல்.

போனவர்களில் திரும்பி வந்தவன் முருகையா மட்டும். வேலையிடத்திலிருந்து ஓடி, காடு காடாக இறங்கி, காலெல்லாம் புண்ணோடு ஒரு மத்தியானம் மரவள்ளித் தோட்டத்தில் வந்து விழுந்தான். ஓடி வந்தவன் பிடிபட்டால் என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூலிம் ஊரில் ஒருவனை வேலிக் கம்பத்தில் கட்டிவைத்து, லயத்துக்காரர்களைக் கூட்டி நிறுத்தி அடித்தே கொன்றிருந்தார்கள். செல்லாயி தம்பியை வீட்டுப் பக்கமே வரவிடவில்லை. தோட்டத்துக்குப் பின்னால் மலை இருந்தது. எந்தக் காலத்திலோ தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவன் அதில் வெள்ளீயம் தேடிக் குடைந்து, கிடைத்தது போதாதென்று விட்டுப்போன குழி அங்கே ஒன்று இருந்தது. வாயெல்லாம் லாலாங் புல்லும் பெரணிச் செடியும் மூடிக் கிடக்கும். அங்கே கொண்டுபோய் வைத்தாள்.

கிழங்கு தோண்டப் போகிறவளை யாரும் தடுப்பதில்லை. கூடையின் அடியில் அவித்த கிழங்கும் உப்பும் இருக்கும். போகும்போது கூடை கனக்கும், திரும்பும்போது லேசாக இருக்கும். இதைக் காளியம்மா கவனித்தாள், பிச்சையம்மாள் கவனித்தாள், லயத்தில் கண் உள்ள பெண்கள் எல்லாரும் கவனித்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஆடியில் திருவிழா வேண்டும் என்று லயத்துக்காரர்கள் கேட்டதும், அலுவலகத்தில் இருந்த ஜப்பான்காரன் ஒரு நாள் அனுமதி கொடுத்தான். அனுமதி கிடைத்தது, கரகம் எடுக்க ஆள் இல்லை. பூசாரி சயாமில் மண்ணாகிவிட்டார். மிச்சமிருந்த ஆண்கள் கால் வீங்கியவர்களும் காய்ச்சல்காரர்களும். செல்லாயி தான் எடுப்பதாகச் சொன்னாள். ஆட்களை மேய்க்கும் தண்டல் ராமையா கூடாதென்று தலையை ஆட்டினார். பொம்பளை கரகம் எடுத்தால் மழை நின்றுபோகும் என்றார்.

"ஆம்பள எடுத்தப்ப மட்டும் அரிசியா பெஞ்சுச்சு?" என்றாள் காளியம்மா. "தண்டலய்யா, நீங்களே எடுங்க. அந்தக் கால வச்சுக்கிட்டு மொத வீடு வரைக்கும் போயிட்டா நான் மொட்ட போட்டுக்கிறேன்."

ராமையா வேட்டியை இறக்கி வீங்கிய காலை மறைத்துக்கொண்டார். கரகம் செல்லாயிக்கு என்று முடிவாயிற்று.

குடம் இருந்தது. வேப்பிலை இருந்தது. ஜிகினாத் தாள் இல்லை, குங்குமம் இல்லை, கண்ணாடிச் சில்லு இல்லை. கரங்கான் கடைவீதியில் முகம்மது ராவுத்தர் கடையில் கேட்டதற்கு, காலியான தகர டப்பாக்களைத் திறந்து திறந்து காட்டிவிட்டு, ஆத்தாளுக்கே இந்தக் கதி என்றால் நாம் எந்த மூலை என்று சொல்லி அனுப்பினார். அம்மன் இந்த வருஷம் மூளியாக வரப்போகிறாள் என்று செல்லாயி குழியில் தம்பியிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

அடுத்த முறை போனபோது அவன் சேம்பிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினான். உள்ளே பச்சையாகச் செதில்கள். குழியின் பக்கச் சுவரில், வெள்ளைக் கல்லும் மக்கிய மண்ணும் சேரும் வெடிப்புகளில் அவை ஒட்டிக்கொண்டிருந்தன. பொழுது போகாமல் நகத்தால் பெயர்த்துச் சேர்த்திருந்தான். பார்க்கக் காக்காப்பொன் மாதிரிதான். ஆனால் காக்காப்பொன் நீளநீளமாக உரியும். இது கத்தியால் நறுக்கினதுபோல் சதுரம் சதுரமாக இருந்தது. நிறம் கிளியின் கழுத்து. வெயிலில் சாய்த்தால் கண்ணாடி மாதிரி மின்னியது.

"ஆத்தாளுக்குப் போடுக்கா. நா வரமுடியாது. இதாச்சும் வரட்டும்" என்றான்.

அவள் அதைக் கொண்டுவந்து, மரவள்ளிக் கூழை எடுத்துக் குடத்தில் பூசி, செதில்களை ஒவ்வொன்றாகத் தொட்டு ஒட்டினாள். அழுத்தினால் நொறுங்கியது. அதனால் ஈர விரல் நுனியில் எடுத்து, மூச்சுக்கூடப் பலமாக விடாமல் ஒட்டவேண்டியிருந்தது. குடம் முழுதும் பச்சை. எங்கே கிடைத்தது என்று பிச்சையம்மாள் கேட்க வாயெடுத்து, பிறகு கேட்காமலே மூடிக்கொண்டாள். அந்தப் பச்சை இன்னதென்று அடையாளம் தெரிந்த ஒரு ஆள் அப்போது தோட்டத்திலேயே தங்கியிருந்தான் என்பதை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஜப்பான்காரர், மொரிதா என்று பெயர். பட்டாளத்துக்காரர் இல்லை, சுரங்க எஞ்சினியர். பழைய துரை பங்களாவில் தங்கி, சுற்றுவட்டாரத்தில் வெள்ளீயம் அலசும் லம்பங்களில் கழித்துப் போட்ட கருமணலை மூட்டை மூட்டையாக அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த மனிதர், கண்ணாடி போட்டவர், யாரையும் அதட்டாதவர். அதட்டுவதற்கு அவரோடு ஒரு சார்ஜனும் சில சிப்பாய்களும் இருந்தார்கள்.

திருவிழாவன்று கரகம் லயம் லயமாகப் போனது. வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து செல்லாயியின் காலில் ஊற்றினார்கள். மஞ்சள் கிடைக்காத வீட்டில் வேப்பிலை போட்ட வெறும் தண்ணீர். கரகம் தலையில் இருக்கும்வரை எடுத்தவள் பேசக்கூடாது. ஆற்றில் விடும்வரை கீழே இறக்கவும் கூடாது. அலுவலகத்து முனை திரும்பும்போது மொரிதா வராந்தாவிலிருந்து இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து, குடத்துக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். உடுக்கை நின்றுவிட்டது.

அந்த முகத்தைச் செல்லாயி ஒரு கை தூரத்தில் பார்த்தாள். பட்டினி கிடந்தவன் சோற்றைக் கண்ட முகம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த ஆள் இந்தப் பச்சையைத் தேடிக்கொண்டு மலைக்குப் போவான். போனால் குழியில் தம்பி இருக்கிறான்.

மொரிதா ஆங்கிலத்தில் கேட்டதைக் கிராணியார் தமிழில் கேட்டார்: இது எங்கே கிடைத்தது. செல்லாயி பேசவில்லை. கரகக்காரி பேசமாட்டாள், ஆற்றில்தான் இறக்குவாள் என்று காளியம்மா முன்னால் வந்து சொன்னாள். சார்ஜன் குடத்தைப் பிடுங்கக் கை நீட்டினான். தடுத்தது மொரிதாதான். செதில் மிகவும் மென்மையானது, பிடுங்கினால் தூளாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆறு வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

வழக்கமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று குடத்தை அமிழ்த்துவார்கள். செல்லாயி கழுத்தளவு போனாள். கரகத்தோடு முழுகினாள். தண்ணீருக்கடியில் ஒரு கை மணலை அள்ளிக் குடத்தைச் சுற்றித் தேய்த்தாள். எழுந்தபோது குடம் மொட்டையாக இருந்தது. கரையில் நின்ற மொரிதா அவள் ஏறி வரும்வரை காத்திருந்தார். அவள் தோளிலும், கழன்ற பூச்சரத்திலும் ஒட்டியிருந்த சில செதில்களை, ஈரப்பாசியில் பொதிந்து, தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவளை அலுவலக வராந்தாவுக்குக் கூப்பிட்டார்கள். வரும் வழியெல்லாம் அவள் ஒரு கதையைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தாள். அது அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் இருந்த காக்காப்பொன். அங்கே கலியாணத்துக்கு ஒட்டுவார்கள். இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். கிராணியார் இதை ஆங்கிலத்தில் சொன்னார்.

மொரிதா கோபப்படவில்லை. தீப்பெட்டியிலிருந்து ஒரு செதிலை எடுத்து, கரிச்சட்டியின் ஓரத்து வெதுவெதுப்பில் வைத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் மினுக்கம் போயிற்று. பச்சை வெளிறியது. விளிம்பில் வெடித்து ஏடு ஏடாகப் பிரிந்தது. இந்தக் கல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது, என்றார். உலர்ந்த இடத்தில் வைத்தால் தண்ணீர் போய்விடும்; போனால் மறுபடி சேராது. பெட்டியில் இத்தனை வருஷம் கிடந்திருந்தால் இப்படித்தான் ஆகியிருக்கும். நேற்று நான் பார்த்தது நேற்றைக்கு முன்தினம்வரை ஈரச்சுவரில் இருந்த கல்.

செல்லாயி அந்த வெளிறிய தூளைப் பார்த்தாள். அப்படியென்றால் ஆற்றில் கிடந்தது, பொறுக்கினேன் என்றாள்.

இதற்கு மொரிதா இன்னொரு செதிலை வராந்தாப் படியில் வைத்து, தீக்குச்சியின் முனையால் லேசாக அழுத்தினார். மாவாகிவிட்டது. ஆறு இதை ஒரு வளைவு வரைக்கும்கூடக் கொண்டு வந்திருக்காது என்றார். குரலில் ஏளனம் இல்லை. கணக்கு சொல்லிக்கொடுப்பதுபோல் இருந்தது. செல்லாயிக்கு அந்தச் சாந்தம்தான் பயமாக இருந்தது. பொய்யைக் கண்டு கத்துகிறவனிடம் இன்னொரு பொய் சொல்லலாம்.

பிறகு அவர் கண்ணாடி பதித்த ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே ஈசல் இறகைவிட மெல்லிய தங்கத் தாள் ஒன்று தொங்கியது. பெட்டியைக் கரிச்சூட்டில் நன்றாகக் காயவைத்து, ஒரு கறுப்புக் கோலைப் பட்டுத்துணியில் தேய்த்துப் பெட்டியின் தலையில் தொட்டார். தங்கத் தாள் விறைத்துக்கொண்டு விலகி நின்றது. முற்றத்துக் கல் ஒன்றை எடுத்து அடியில் வைத்தார். தாள் அப்படியே நின்றது. கல்லை எடுத்துவிட்டுப் பச்சைச் செதில்களை வைத்தார். தாள், யாரும் தொடாமல், தொட்டாச்சிணுங்கி இலை மாதிரி மெல்ல மெல்லச் சாய்ந்து தொங்கிவிட்டது.

இதன் பச்சை செம்பு கொடுத்த நிறம். எனக்கு வேண்டியது அது இல்லை, என்று சொன்னார். ஈயத்தைவிடக் கனமான ஒரு உலோகம் இதற்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் அது எந்நேரமும் எதையோ வீசிக்கொண்டே இருக்கிறது. சுட்டாலும் நிற்காது, நொறுக்கினாலும் நிற்காது. உலகத்தில் சில இடங்களில்தான் கிடைக்கும். அவர் சொன்ன பெயர் கிராணியார் கேட்டறியாதது. காதில் விழுந்தபடி 'உரான்' என்றார். அது எதற்கு என்று மொரிதா சொல்லவில்லை. பிற்பாடு யுரேனியம் என்று பேப்பரில் போட்டபோது கிராணியார்தான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

இடத்தைக் காட்டினால் லயத்துக்கே அரிசி மூட்டை வரும், காய்ச்சலுக்குக் கொய்னா வரும், துணி வரும் என்றார் மொரிதா. கிராணியார் அதைத் தமிழில் சொன்னார். சொல்லி முடித்தவர் நிறுத்தவில்லை. முகம் மாறாமல், அதே தட்டையான குரலில் தொடர்ந்தார்.

"முருகையா அங்கதான் இருக்கானா? ஆமான்னா நிமுந்து பாரு. இல்லன்னா தரையப் பாரு."

தம்பியின் பெயரைச் சயாம் லாரிக்கு வாசித்ததும் இதே குரல்தான். இந்த ஆள் அரிசி மூட்டைக்காகக் கேட்கிறானா, அன்றைக்கு வாசித்ததற்காகக் கேட்கிறானா என்று அந்தக் கண்ணைப் பார்த்தால் தெரியவில்லை. நினைத்துப் பார்க்க நேரமும் இல்லை. எப்படியும் இவர்கள் மலைக்குப் போகத்தான் போகிறார்கள். தம்பியிடம் சேதி கொண்டுபோகத் தனக்கு வெளியே ஒரு கால் வேண்டும். அவள் கழுத்தை நிமிர்த்தி நேராகப் பார்த்தாள்.

கிராணியார் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தார். "சரி, அவருக்கு என்ன பதில்?" என்றார் உரக்க.

"தெரியும். சொல்ல மாட்டேன். அப்படியே சொல்லுங்க."

"தெரியாதுன்னு சொல்லி வைக்கிறேனே, புள்ள."

"தெரியாதுன்னு சொன்னா அந்த ஆளு அதையும் படியில வச்சு அமுக்கிப் பாப்பாரு. மாட்டேன்னு சொன்னா அமுக்கிப் பாக்க என்னா இருக்கு?"

கிராணியார் அப்படியே சொன்னார். மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் அவள் சார்ஜன் கைக்கு வந்தாள்.

வெயிலில் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கவைப்பது அவன் வழக்கம். அன்றைக்குக் கல் கிடைக்கவில்லையோ என்னவோ, ஸ்டோர் வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பால் வாளிகளில் ஒன்றைக் காட்டினான். தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பி, பெரட்டுத் திடலின் நடுவில் அவள் தலையில் ஏற்றி, கையைத் தொங்கவிடச் சொன்னான். சிந்தினால் மூங்கிலால் அடி; பேசினால் இறக்கலாம். லயத்துக்காரர்கள் எல்லாரும் நின்று பார்க்கவேண்டும் என்றும் உத்தரவு.

கூட்டத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். காளியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எவள் தலையில் எதை ஏற்றுகிறோம் என்று அந்த மனிதனுக்குத் தெரியவில்லை.

செல்லாயி நின்றாள். கண்ணை மலைப் பக்கம் கொண்டுபோகக்கூடாது என்று ஸ்டோர்க் கூரையின் விளிம்பில் வைத்துக்கொண்டாள். வெயில் ஏறியது. வாளித் தண்ணீர் அசையவில்லை. சார்ஜன் நிழலில் உட்கார்ந்து பார்த்தான், எழுந்துவந்து சுற்றிப் பார்த்தான், கால் அகல வைத்திருப்பதாகச் சொல்லிச் சேர்த்து வைக்கச் சொன்னான். சேர்த்து வைத்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. இதற்குள் கிராணியார் கூட்டத்தின் ஓரமாகப் போய்ப் பிச்சையம்மாளை மரவள்ளிக் கணக்கு விஷயமாக அதட்டினார். பிச்சையம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கூடையை எடுத்துக்கொண்டு கிழங்கு தோண்டப் போனாள். செல்லாயி கூரை விளிம்பிலிருந்து கண்ணை எடுக்காமலே அதைக் கண்டாள்.

உச்சி வெயிலில் காளியம்மா அசைந்தாள். வீட்டுக்குப் போய் ஒரு குடத்தோடு திரும்பி, நேராகத் திடல் நடுவுக்கு நடந்துவந்து, செல்லாயியின் காலில் வேப்பிலைத் தண்ணீரை ஊற்றினாள். கரகத்துக்கு ஊற்றுகிற அதே மாதிரி, வலக்கால், இடக்கால். சார்ஜன் என்ன இது என்று கேட்டான். தரை கொதிக்கிறது, மயங்கி விழுந்தால் பேச வைக்க முடியாது என்று கிராணியார் சொல்லிவைத்தார். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. அடுத்த வீட்டுக்காரி வந்தாள். அதற்கடுத்தவள் வந்தாள். முதல் நாள் மஞ்சள் இல்லாதவள் எங்கிருந்தோ ஒரு துண்டு மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்திருந்தாள். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு தண்டல் ராமையாவும் ஒரு செம்போடு வந்தார். திடல் மண் குளிர்ந்து சேறாகியது. யாரோ ஒருத்தி குலவை போட்டாள். இன்னொருத்தி சேர்ந்தாள். திடல் முழுதும் குலவை எழுந்தது.

தான் கொடுத்த தண்டனை தன் கையைவிட்டுப் போய் வேறு என்னவோ ஆகிவிட்டது என்று சார்ஜனுக்கு அப்போதுதான் புரிந்தது. துப்பாக்கியின் கட்டையைத் திருப்பிப் பிடித்து ஓடிவந்து, அவள் கழுத்தின் இடப்பக்கம் ஓங்கி இடித்தான்.

வாளி உருண்டது. செல்லாயி சேற்றில் விழுந்தாள். குலவை நின்றது. கழுத்துக்குள் ஏதோ பிசகி, தலையைத் தூக்கினால் உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முழங்காலில் எழுந்தாள், பிறகு காலில் நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. காளியம்மாவைப் பார்த்தாள்.

"அக்கா, சும்மாட்ட எடு. வாளிய ரொப்பு."

காளியம்மா சேற்றிலிருந்து வாளியை எடுத்தாள். நிரப்பிக் கொண்டுவந்து வைத்தாள். தலை சாய்ந்திருந்ததால் வாளி இடப்பக்கம் வழுக்கப் பார்த்தது. செல்லாயி சும்மாட்டின் ஒரு பக்கத்தை மடித்துத் தடிப்பாக்கி, இடுப்பை வலப்பக்கம் தள்ளி, மட்டம் கண்டுபிடித்தாள். கொஞ்சம் சிந்தியது. சிந்தியதற்கு மூங்கிலால் அடித்தான். அடிக்கு உடம்பு அசைந்தது, மறுபடி சிந்தியது, மறுபடி அடித்தான். பிறகு அவனே அலுத்து நிழலுக்குப் போனான். அவள் நின்றுகொண்டிருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் பிச்சையம்மாள் கூடையோடு வந்தாள். தன் முறைக்கு ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துவந்து, குனிந்து காலில் ஊற்றியபடி, "கெழங்கெல்லாம் புடுங்கியாச்சு. குழி காலி. பாலிங் பக்கம் போயாச்சு" என்றாள். நிமிர்ந்து போய்விட்டாள்.

செல்லாயியின் கண்ணிலிருந்து அப்போதுதான் தண்ணீர் வந்தது. வியர்வையோடு வியர்வையாக இறங்கியதால் யாருக்கும் தெரியவில்லை.

மொரிதா அதன் பிறகு வந்தார். அவளுடைய கழுத்தைப் பார்த்துவிட்டு சார்ஜனிடம் தன் பாஷையில் ஏதோ சொன்னார். சார்ஜன் விறைத்து நின்றான். பிறகு கிராணியாரைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். இப்போதும் அரிசி உண்டு. இடத்தை மட்டும் சொன்னால் போதும், நீ கூட வரவேண்டாம். இங்கே இதை விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை.

இந்த முறை மறைக்க எதுவும் இல்லை. தம்பி போய்விட்டான். குழி வெறும் குழி. சொன்னால் காளியம்மா வீட்டில் நாளைக்குச் சோறு பொங்கும். செல்லாயி அதையும் நினைத்துப் பார்த்தாள். சோற்றுக்குப் பின்னால் மலையைப் பிளக்க ஆள் கேட்பார்கள். பெரட்டில் நிறுத்திப் பெயர் வாசிப்பார்கள். அந்தக் குழிக்குள் இறங்குவது இங்கே தண்ணீர் ஊற்றின இதே ஜனங்கள். சயாம் ரயில் பாதை இந்த மலைக்கே வந்துவிடும். இதெல்லாம் சரிதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், கழுத்தில் ஒரு வலி விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அந்த வலிக்கு அவள் வேறு எந்தப் பதிலும் கொடுக்கத் தயாராக இல்லை.

"காலையில சொன்னதுதான்" என்றாள். "மாட்டேன்."

கிராணியார் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

வாளியை இறக்கச் சொன்னார்கள். அவள் இறக்கவில்லை. சாய்ந்த தலையோடு, வாளியோடு, திடலைத் தாண்டி ஸ்டோர் வாசலுக்கு நடந்தாள். எடுத்த இடத்தில் குனிந்து இறக்கி வைத்தாள். பிறகுதான் கால் மடங்கி விழுந்தாள்.

ஸ்டோருக்குள் சில நாள் பூட்டி வைத்திருந்தார்கள். சிப்பாய்களை அழைத்துக்கொண்டு மொரிதா மலைக்குப் போனார். வழிகாட்ட ஆளில்லை. உள்காட்டில் ஜப்பானை எதிர்க்கிற சீனக் கொரில்லாக்கள் இருப்பதாகப் பேச்சு. சிப்பாய்கள் மரவள்ளித் தோட்டத்து எல்லையைத் தாண்ட மறுத்தார்கள். தனியாக அவர் எத்தனை தூரம் போனார் என்று தெரியாது. போதாததற்கு, பிச்சையம்மாளும் முருகையாவும் குழியின் வாயை மண்ணும் கிழங்குத் தண்டும் போட்டு அடைத்திருந்தார்கள். அடுத்த மழையில் தண்டுகள் துளிர்த்துக்கொண்டன. தண்டு ஊன்றிய இடம் எல்லாம் மரவள்ளித் தோட்டம்தான். மொரிதாவை வேறு ஊருக்கு மாற்றினார்கள். புறப்படும்போது தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார் என்றும், உள்ளே பச்சை இல்லை, வெளிறிய தூள்தான் இருந்தது என்றும் கிராணியார் சொன்னார்.

சண்டை முடிந்தபின் முருகையா பாலிங்கிலிருந்து வந்து சேர்ந்தான். அக்காவின் கழுத்தைப் பார்த்துவிட்டு அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டான். அவனுக்கு ஒரு வறட்டு இருமல் பிடித்திருந்தது. சயாமில் வந்ததா, குழியில் வந்ததா, யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அது கடைசிவரை போகவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, டிக் டிக் என்று சத்தம் போடும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் தோட்டத்துக்கு வந்தான். பச்சைக் கல் கதை எப்படியோ அவன் காதுக்குப் போயிருந்தது. செல்லாயியைத் தேடி லயத்துக்கே வந்து கேட்டான்.

"அடிச்சவனுக்கே சொல்லல. சும்மா கேட்டா சொல்லிருவேனா?" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

சண்டை முடிந்த அடுத்த ஆடியில் மறுபடி கரகப் பேச்சு வந்தது. இப்போது ஆண்கள் கொஞ்சம் தேறியிருந்தார்கள். கோணல் கழுத்தில் கரகம் நிற்காது, இனி ஆண்பிள்ளை எடுக்கட்டும் என்று கோயில் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சொன்னவர் அந்தத் திடலில் இல்லாதவர், சண்டைக்குப் பிறகு வேறு தோட்டத்திலிருந்து வந்தவர். ராமையா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

செல்லாயி எழுந்து வந்தாள். துணியை எடுத்துச் சும்மாடு சுற்றினாள், இடப்பக்கம் தடிப்பாக, வலப்பக்கம் மெல்லிசாக. குடத்துக்கு வேப்பிலை மட்டும்தான். ராவுத்தர் கடைக்கு ஜிகினா வந்திருந்தும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். தலை சாய்ந்திருந்தது. அதன்மேல் கரகம் நேராக நின்றது. முருகையா இருமிக்கொண்டே முன்னால் நடந்து, வீட்டுக்கு வீடு வழி விலக்கிக்கொண்டு போனான்.